நாக்கு ஒட்டியிருக்கிறது என்கிறார்கள், அறுத்துவிடலாமா?

நீங்கள் எழுதியிருப்பதை இரண்டு முறை படித்தேன். ஐந்து வாரப் பெண் குழந்தை, பால் கொடுக்க உட்கார்ந்தாலே கண்ணில் நீர் வருகிற அளவு வலி, காம்பில் வெடிப்பு. பார்த்த பல் மருத்துவர் நாக்கில் ஒரு டை (நாக்குக்கு அடியில் இருக்கிற சவ்வு அதை அசையவிடாமல் கட்டிவைத்திருப்பது, டங் டை என்பார்கள்), மேல் உதட்டில் ஒரு டை, இரண்டு கன்னத்திலும் டை, எல்லாவற்றையும் ஒரே நாளில் லேசரில் எடுத்துவிடலாம், 22,000 ரூபாய் ஆகும் என்றிருக்கிறார். மாமியார் "இவ அப்பனுக்கும் இப்படித்தான் இருந்துச்சு, தானா சரியாயிடுச்சு" என்கிறார். கடைசி வரியில் போகிற போக்கில் இன்னொன்று: மூத்தவனுக்கு மூன்றரை வயது, காக்காவை இன்னும் "தாத்தா" என்கிறான், அவனுக்கும் சேர்த்தே அறுத்துவிடலாமா? கேள்வியாக நீங்கள் போட்டிருப்பது "லேசர் நல்லதா, கத்தரி நல்லதா" என்பதைத்தான். ஆனால் மனதில் இருப்பது வேறு என்று தோன்றுகிறது. இது தேவைதானா, இல்லை பயமுறுத்திப் பணம் பிடுங்குகிறார்களா என்பது ஒன்று. மூத்தவன் பிறந்தபோதே இதைக் கவனிக்காமல் விட்டு அவன் பேச்சைக் கெடுத்துவிட்டேனோ என்பது இன்னொன்று. இரண்டாவதற்கு இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன்: இல்லை. ஏன் என்று பின்னால் வருகிறது.

நான் குழந்தை மருத்துவர், 21 வருடமாகிறது, கடைசி ஒன்பது வருடம் பெரும்பாலும் பச்சிளம் குழந்தைகளும் தாய்ப்பால் பிரச்சினைகளும்தான். புதுக் குழந்தையின் மெல்லிய சவ்வை நானே வெட்டிவிடுவேன். அது தடிப்பாக இருந்தாலோ, பிள்ளை வளர்ந்துவிட்டாலோ காது மூக்கு தொண்டை டாக்டரிடம் அனுப்பிவிடுவேன், அதற்கு மேல் எனக்குப் பழக்கம் கிடையாது. உங்கள் குழந்தையை நான் தொட்டுப் பார்க்கவில்லை, நீங்கள் போட்ட இரண்டு போட்டோவையும் எடைக் கணக்கையும் வைத்துத்தான் பேசுகிறேன். போட்டோ பார்த்து அறுக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள் என்று தினமும் சொல்கிறவள் நான், அதனால் நான் சொல்வதையும் அந்த அளவிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு வேலை செய்யுங்கள். கண்ணாடி முன்னால் நின்று வாயைத் திறந்து உங்கள் நாக்கைத் தூக்கிப் பாருங்கள். நடுவில் ஒரு மடிப்பு தெரியும். மேல் உதட்டைத் தூக்கினால் ஈறோடு சேர்கிற இன்னொரு மடிப்பு இருக்கும். எனக்கும் இருக்கிறது, உங்கள் மாமியாருக்கும் இருக்கிறது. ரொம்ப நாள் இதை ஒரு நரம்பு மாதிரி, கயிறு மாதிரி தனியாக நிற்கிற ஒன்று என்றுதான் புத்தகங்களே எழுதிக்கொண்டிருந்தன. 2019இல் நியூசிலாந்தைச் சேர்ந்த நிக்கி மில்ஸ் என்ற அறுவை மருத்துவரும் அவருடைய குழுவினரும் சடலங்களில் பிரித்துப் பார்த்து எழுதியது வேறு. வாயின் அடித்தளத்தில் விரித்த துணி மாதிரி ஒரு படலம் இருக்கிறது, நாக்கைத் தூக்கும்போது அந்தத் துணி நடுவில் மடிந்து மேலே வருகிறது, நாம் "சவ்வு" என்று பார்ப்பது அந்த மடிப்பைத்தான். நாக்குக்கு உணர்ச்சி தருகிற நரம்பின் கிளைகள் அந்தப் படலத்துக்கு ஒட்டினாற்போல ஓடுகின்றன என்பதையும் அவர்கள் காட்டினார்கள், ஆழமாக வெட்டக் கூடாது என்பதற்கு அதுவே போதும். ஆக, மடிப்பு இருப்பது நோயே கிடையாது. அது நாக்கின் வேலையைத் தடுக்கிறதா என்பதுதான் கேள்வி. நூறு குழந்தைகளில் நாலு பேருக்கு என்று ஒரு கணக்கு, பத்துப் பேருக்கு என்று இன்னொரு கணக்கு, எந்த அளவுகோலை வைத்துப் பார்த்தார்கள் என்பதைப் பொறுத்து எண் மாறும். ஆண் குழந்தைகளில் கொஞ்சம் அதிகம், சில குடும்பங்களில் பரம்பரையாக வரும். மாமியார் சொன்னதில் அந்தப் பாதி சரி.

உங்கள் முதல் போட்டோவில் குழந்தை அழும்போது நாக்கு நுனி நடுவில் இழுபட்டு இதய வடிவில் இருக்கிறது, கீழ் ஈறைத் தாண்டி வெளியே வரவில்லை. சவ்வு கிட்டத்தட்ட நுனி வரைக்கும் வந்திருக்கிறது. இது எல்லாரும் ஒத்துக்கொள்கிற வகை, பார்த்தால் ஒரு நர்ஸே சொல்லிவிடுவார். ஆனால் இதே மாதிரி நாக்கோடு நிம்மதியாகப் பால் குடித்துக் கொழுகொழுவென்று வளர்கிற குழந்தைகளை வாரம் ஒன்றாவது பார்க்கிறேன், அவர்களை நான் தொடுவதே இல்லை. எடைக்கு வருவோம். பிறந்தபோது 2.9 கிலோ, 14ஆம் நாள் 2.95, இப்போது 38ஆம் நாள் 3.5. அதாவது 24 நாளில் 550 கிராம், நாளைக்குக் கிட்டத்தட்ட 23 கிராம். இந்த வயதில் நாளைக்கு 20 முதல் 30 கிராம் ஏறினால் போதும். ஆறு ஏழு முறை நன்றாகச் சிறுநீர் போகிறாள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். குழந்தை பட்டினி கிடக்கவில்லை, அதனால் இன்று இரவே முடிவெடுக்க வேண்டிய அவசரம் இல்லை. பிரச்சினை உங்கள் வலி. அது சின்ன விஷயம் என்று சொல்லவில்லை, வலி தாங்காமல் ஆறாவது வாரத்தில் புட்டிக்கு மாறிய அம்மாக்கள் எத்தனையோ பேர், அவர்களிடம் யாரும் "உனக்கு வலிக்கிறதா" என்றுகூடக் கேட்டிருக்க மாட்டார்கள்.

இங்கேதான் என் முதல் கேள்வி. அந்த மருத்துவர் உங்கள் குழந்தை பால் குடிப்பதைப் பார்த்தாரா? நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் நாற்காலியில் படுக்க வைத்து, டார்ச் அடித்து, உதட்டைத் தூக்கி, முடித்துவிட்டார். பால் குடிக்கும்போது நாக்கு செய்கிற வேலை நம் கண்ணுக்குத் தெரியாது. வாயை அகலத் திறந்து, நாக்கைக் கீழ் ஈறுக்கு மேலே நீட்டி, காம்போடு சேர்த்துச் சுற்றியிருக்கிற கருவளையத்தையும் கவ்வி, நாக்கின் நடுப்பகுதியைக் கீழே இறக்கும்போது வாய்க்குள் வெற்றிடம் உண்டாகிப் பால் வருகிறது. நாக்கு முன்னே வர முடியாவிட்டால் ஈறு காம்பை நேராகக் கடிக்கும், வெற்றிடம் நிற்காது, "டிக் டிக்" என்று சத்தம் வரும், வாயோரம் பால் வழியும். குடித்து முடித்ததும் காம்பைப் பாருங்கள்: உருண்டையாக வந்தால் நல்லது, சாம்பாருக்குச் சாய்வாக நறுக்கிய முருங்கைக்காய் முனை மாதிரி நசுங்கி வந்தால் ஆழமாகக் கவ்வவில்லை என்று அர்த்தம். ஆனால் இதே அடையாளங்கள் எல்லாம் நாக்கில் ஒரு குறையும் இல்லாத குழந்தையிடமும் வரும், பிடிக்கிற விதம் தப்பாக இருந்தால். நம் வீடுகளில் நான் தினமும் பார்க்கிற மூன்று: பச்சை உடம்புக்காரி குனிந்து குழந்தையின் வாய்க்குள் மார்பைக் கொண்டுபோவது, "மூக்கு அடைச்சுக்கும்" என்று இரண்டு விரலால் காம்புக்குப் பக்கத்திலேயே கத்தரி மாதிரி அழுத்திப் பிடிப்பது, பக்கத்தில் உட்கார்ந்த பாட்டி குழந்தையின் பின்னந்தலையைப் பிடித்து மார்போடு அழுத்துவது. தலையை அழுத்தினால் குழந்தை நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு முதுகை வளைக்கும். அதற்குப் பதிலாக நீங்கள் தலையணையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, அவள் வயிறு உங்கள் வயிற்றோடு ஒட்டியிருக்க, மூக்கு காம்புக்கு நேரே இருக்கும்படி படுக்க வைத்து, கொட்டாவி விடுகிற அளவு வாய் திறக்கும்வரை காத்திருந்து, தோளைத் தாங்கி அணைத்துப் பாருங்கள், முகவாய் முதலில் மார்பைத் தொட வேண்டும். நாலைந்து நாள் இதைச் செய்தாலே வலி பாதியாகிறவர்கள் உண்டு. ஆகாதவர்களும் உண்டு, அவர்களுக்குத்தான் கத்தரி.

இதில் நான் சூடுபட்டவள். தொழிலுக்கு வந்து நாலாவது வருடம், மூன்று வாரக் குழந்தை, நாக்கில் பளிச்சென்று சவ்வு, எடை ஏறவில்லை, அம்மா அழுகிறார். பார்த்தேன், வெட்டினேன், அரை நிமிட வேலை. அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். பத்து நாள் கழித்து வந்தபோது எடை இன்னும் 40 கிராம் குறைந்திருந்தது. பக்கத்து அறையில் இருந்த மூத்த மருத்துவர் ஒருவர் கையுறை போட்டுக்கொண்டு சுண்டு விரலை வாய்க்குள் விட்டு அண்ணத்தைத் தடவிவிட்டு, என் விரலையும் அதே இடத்தில் வைக்கச் சொன்னார். அண்ணத்தின் பின்பக்கம், தோல் மூடியிருக்க, எலும்பில் ஒரு பிளவு. வெளியே தெரியாத அண்ணப்பிளவு. சவ்வு கண்ணில் பட்டதும் மற்றதைத் தேடுவதை நிறுத்திவிட்டேன், பத்து நாள் அந்தக் குழந்தைக்கு வீணாயிற்று. இன்றைக்கும் நாக்கைத் தூக்கிப் பார்ப்பதற்கு முன்னால் அண்ணத்தைத் தடவிவிடுவேன். பால் குடிக்காத குழந்தைக்கு இதயக் கோளாறு இருக்கலாம், தசைத் தளர்ச்சி இருக்கலாம், குழந்தைக்கு ஒன்றுமே இல்லாமல் அம்மாவுக்குத் தைராய்டு குறைந்து பால் சுரப்பே குறைந்திருக்கலாம். சவ்வை வெட்டுவதில் வருகிற பெரிய ஆபத்து ரத்தப்போக்கு அல்ல, நிஜக் காரணம் பின்னால் ஒளிந்துகொள்வது.

சரி, வெட்டினால் பலன் உண்டா? தேர்ந்தெடுத்த குழந்தைகளில் அம்மாவின் காம்பு வலி சீக்கிரம் குறைகிறது, இது ஓரளவு உறுதி. 2017இல் காக்ரேன் (மருத்துவச் சோதனைகளைத் திரட்டி அலசுகிற ஒரு சர்வதேச அமைப்பு) தொகுப்பில் ஐந்து சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தார்கள், மொத்தமே 302 குழந்தைகள்தான். அம்மாவின் வலி குறைந்தது தெரிந்தது, குழந்தை குடிக்கிற விதம் மேம்பட்டதா என்பதில் சோதனைக்குச் சோதனை முடிவு மாறியது. இங்கிலாந்தில் அப்புறம் இன்னும் பெரிதாக ஒரு சோதனை தொடங்கினார்கள், பால் கொடுக்க உதவி மட்டும் ஒரு குழுவுக்கு, உதவியோடு வெட்டும் சேர்த்து இன்னொரு குழுவுக்கு. 169 குழந்தைகளோடு நிறுத்த வேண்டியதாகிவிட்டது, ஏனென்றால் வெட்டாமல் விட வேண்டிய குழுவிலும் பெரும்பாலானவர்கள் பொறுக்க முடியாமல் வெட்டிக்கொண்டார்கள். அந்த அம்மாக்களை நான் குறை சொல்ல மாட்டேன், ராத்திரி இரண்டு மணிக்கு வலிக்கிறபோது யாருக்கு ஆராய்ச்சி வேண்டும். ஆனால் அதனால் விடை தெளிவாகாமல் போயிற்று. பாஸ்டனில் 2019இல் வெளியான இன்னொரு கணக்கு எனக்குப் பிடித்தது: அறுவைக்கு என்று அனுப்பப்பட்ட 115 குழந்தைகளையும் முதலில் பால் குடிக்க வைத்து, பேச்சு மற்றும் விழுங்குதல் சிகிச்சையாளர் உட்கார்ந்து கவனித்துப் பிடிப்பைச் சரிசெய்தார். 72 பேருக்கு அறுவையே தேவைப்படவில்லை. மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. மீதிப் பேருக்குத் தேவைப்பட்டது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

ஏன் திடீரென்று எல்லாக் குழந்தைக்கும் டை என்கிறார்கள் என்று உங்களுக்குத் தோன்றலாம். அமெரிக்க மருத்துவமனைப் பதிவுகளில் 1997இல் சுமார் 3,900 குழந்தைகளுக்கு டங் டை என்று எழுதியிருந்தார்கள், 2012இல் 32,800ஐத் தாண்டிவிட்டது. பதினைந்து வருடத்தில் குழந்தைகளின் நாக்கு மாறியிருக்காது. ஒரு பக்கம் நியாயமான காரணம் உண்டு: புட்டிப்பால் காலத்தில் யாரும் நாக்கைப் பார்க்கவில்லை, தாய்ப்பாலுக்குத் திரும்பியபோது பழைய பிரச்சினையும் திரும்பிக் கண்ணில் பட்டது. பிரேசிலில் 2014இல் பிறந்த குழந்தை ஒவ்வொன்றுக்கும் நாக்குச் சவ்வைப் பரிசோதிக்க வேண்டும் என்று சட்டமே போட்டார்கள். இன்னொரு பக்கம், கண்ணுக்குத் தெரியாத "பின்பக்க டை" என்று ஒன்று வந்தது. அதற்கு இரண்டு மருத்துவர் ஒத்துக்கொள்கிற வரையறை இல்லை, 2024இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் அறிக்கையும் அந்தச் சொல்லே தெளிவில்லாதது என்கிறது. வயிற்று வலி, எதுக்களிப்பு, தூக்கமின்மை, கழுத்துச் சாய்வு எல்லாவற்றுக்கும் டைதான் காரணம் என்று இன்ஸ்டாகிராமில் வருகிறதே, அதற்கெல்லாம் நம்பும்படியான ஆதாரம் எதையும் நான் பார்த்ததில்லை. மூன்று மாதத்தில் தானாகக் குறைகிற அழுகை எதை வெட்டினாலும் குறையும்.

உதட்டு டைக்கு நீண்ட பதில் தேவையில்லை. பிறந்த குழந்தைகளில் மேல் உதட்டுச் சவ்வு ஈறின் விளிம்புவரை இறங்கியிருப்பதுதான் பெரும்பாலும் வழக்கம், தாடை வளர வளர அது மேலே போகும். பால் குடிக்க மேல் உதடு மீன் வாய் மாதிரி பிதுங்கி மடிய வேண்டும் என்பதும் கட்டாயமில்லை, மெல்லத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும். பாலுக்காக உதட்டுச் சவ்வை வெட்டுவதை நான் செய்ததில்லை, செய்யச் சொன்னதும் இல்லை. கன்னத்து டை பற்றி இன்னும் சுருக்கமாக: அமெரிக்கக் காது மூக்கு தொண்டை நிபுணர்கள் 2020இல் கூடிப் பேசி வெளியிட்ட ஒருமித்த கருத்தில் அதை வெட்டக் கூடாது என்றே இருக்கிறது. முன்பல் இரண்டுக்கும் நடுவில் இடைவெளி விழும் என்று உங்களைப் பயமுறுத்தியிருக்கிறார்கள். பால் பல்லில் இடைவெளி இருப்பது நல்லது, பின்னால் வருகிற பெரிய பல்லுக்கு இடம் வேண்டாமா. நிலைப்பல்லில் வருகிற இடைவெளியும் கோரைப்பற்கள் முளைக்கிற 11, 12 வயதில் பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். அப்போதும் மூடாவிட்டால் கம்பி போட்டு நெருக்கிவிட்டு அதற்கப்புறம்தான் சவ்வைப் பற்றி யோசிப்பார்கள், முன்னாலேயே வெட்டினால் அங்கே வருகிற தழும்பே பல்லைச் சேரவிடாது என்று பல் சீரமைப்பு மருத்துவர்கள் சொல்வார்கள்.

இனி நீங்கள் கேட்ட லேசரா கத்தரியா. உங்கள் மகளுக்கு இருப்பது போன்ற மெல்லிய, ஏறக்குறைய ஒளி ஊடுருவுகிற சவ்வுக்கு முனை மழுங்கிய கத்தரி போதும். குழந்தையைத் துணியில் இறுகச் சுற்றி, ஒருவர் தலையைப் பிடித்துக்கொள்ள, நடுவில் பிளவுள்ள ஒரு தட்டைக் கருவியால் நாக்கைத் தூக்கி, வெளிச்சத்தில் சவ்வை மட்டும் ஒரு வெட்டு, சில நேரம் இரண்டு. கொஞ்சம் சர்க்கரைத் தண்ணீர் நாக்கில் வைப்போம். இரண்டு மூன்று சொட்டு ரத்தம், பஞ்சை வைத்து அழுத்தி உடனே மார்பில் போட்டுவிட வேண்டியதுதான், பாலே மருந்து. லேசர் இதைவிட நல்லது என்று யாரும் நிரூபிக்கவில்லை, சூட்டினால் பக்கத்துத் திசு வேகாமல் பார்த்துக்கொள்வது செய்கிறவர் கையில் இருக்கிறது, விலை மட்டும் நிச்சயமாக அதிகம். ஈறு மரத்துப்போகத் தடவுகிற பென்சோகெயின் ஜெல் இரண்டு வயதுக்குள் வேண்டவே வேண்டாம், ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் குழந்தை நீலம் பாரிக்கலாம், 2018இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதைப் பற்றி எச்சரித்தது. எந்தக் கருவியாக இருந்தாலும் முதலில் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்து, பிறந்ததும் ரத்தம் உறைய உதவுகிற வைட்டமின் கே ஊசி போட்டார்களா என்று பாருங்கள். வீட்டில் யாருக்காவது சின்னக் காயத்துக்கே ரத்தம் நிற்காமல் போனது உண்டா, ஆண் குழந்தைகள் அப்படி இறந்தது உண்டா என்று அப்பா வழி, அம்மா வழி இரண்டிலும் கேளுங்கள். முகவாய் மிகச் சின்னதாக உள்ளே போயிருக்கிற குழந்தைக்கும் தசை தளர்ந்த குழந்தைக்கும் இதைச் செய்யக் கூடாது, அவிழ்த்துவிட்ட நாக்கு பின்னால் விழுந்து மூச்சை அடைக்கலாம்.

வெட்டிய இடத்தில் மறுநாள் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு வைரக்கல் வடிவத்தில் படலம் தெரியும், பாதிப் பேர் சீழ் பிடித்துவிட்டது என்று பதறி ஓடி வருவார்கள். அது ஆறுகிற புண்தான், ஒன்றிரண்டு வாரத்தில் மறையும். அப்புறம் நாளைக்கு ஆறு முறை விரலை விட்டுப் புண்ணை இழுத்துவிடச் சொல்லி ஒரு தாள் கொடுத்தார்கள் என்றீர்களே, பச்சிளம் குழந்தைக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து. மறுபடி ஒட்டாமல் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை, வாய்க்குப் பக்கத்தில் எது வந்தாலும் அலறுகிற குழந்தையாக அது மாறிவிட்டதைப் பார்த்திருக்கிறேன், மார்பையே மறுத்துவிட்டது ஒன்று.

மூத்தவனுக்கு வருகிறேன். காக்காவை "தாத்தா", கட்டிலை "தட்டில்" என்கிறான் என்று எழுதியதற்கு நன்றி, அந்த ஒரு வரியிலேயே பதில் இருக்கிறது. நீங்களே வாயில் சொல்லிப் பாருங்கள். "த" சொல்ல நாக்கு நுனி மேலே போய்ப் பல்லைத் தொடுகிறது. "க" சொல்ல நுனி சும்மா கிடக்கிறது, நாக்கின் பின்பகுதி எழும்பி அண்ணத்தைத் தொடுகிறது. சவ்வு கட்டிவைத்திருப்பது நுனியைத்தான். நுனியை வைத்துச் சொல்ல வேண்டிய "த" அவனுக்கு அழகாக வருகிறது, வராத "க"வுக்குச் சவ்வோடு சம்பந்தமே இல்லை. அவன் நாக்கை அறுத்தால் அறுத்த நாக்கோடு "தாத்தா" என்பான். பின்னால் சொல்ல வேண்டிய ஒலியை முன்னால் கொண்டுவருவது குழந்தைகள் பேச்சு கற்கும்போது வழக்கமாகச் செய்வது, மூன்றரை நாலு வயதுக்குள் பெரும்பாலும் போய்விடும். அவன் அந்த எல்லையில் நிற்கிறான், அதனால் பேச்சுப் பயிற்சியாளர் ஒருவரிடம் காட்டுங்கள், பெரும்பாலும் விளையாட்டாகவே சரியாக்கிவிடுவார்கள்.

சவ்வு தொந்தரவு செய்யக்கூடிய ஒலிகள் என்றால் நுனி மேலே ஏற வேண்டியவை: ல, ர, ற, ந. நம் மொழியில் ட, ண, ள, ழ என்று நுனியைப் பின்னால் மடக்குகிற வரிசை வேறு இருக்கிறது. ஆனால் ழ வரவில்லை என்று நாலு வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருகிற அப்பாக்களிடம், "நீங்க வாழைப்பழம் சொல்லுங்க பார்ப்போம்" என்பேன், பாதிப் பேர் "வாளப்பளம்" என்பார்கள், அவர்கள் நாக்கில் சவ்வு ஒன்றும் இருக்காது. டங் டை இருப்பவர்களிலும் பெரும்பாலானவர்கள் எப்படியோ வேறு வழி கண்டுபிடித்துத் தெளிவாகப் பேசிவிடுகிறார்கள். பின்னால் உச்சரிப்புக் கெடக் கூடாதே என்று முன்கூட்டியே குழந்தையில் அறுத்துவைப்பதால் பயன் உண்டு என்பதற்கு நல்ல ஆதாரம் இதுவரை இல்லை. இதோடு இன்னொன்றைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்: பேச்சு தெளிவில்லாமல் இருப்பது வேறு, பேச்சே வராமல் இருப்பது வேறு. இரண்டு வயதாகியும் இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லவில்லை என்றால் அது நாக்கில் இல்லை. முதலில் காது, அப்புறம் மூளை வளர்ச்சி, ஆட்டிசம். "நாக்கு அடியில ஒட்டியிருக்கு, அறுத்தா பேசிடுவான்" என்று ஒருவர் சொல்லி, அறுத்து, ஆறு மாதம் காத்திருந்து, அப்புறம் என்னிடம் வந்து, பெரா என்கிற காது கேட்கும் திறன் பரிசோதனையில் இரண்டு காதும் கேட்கவில்லை என்று தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த ஆறு மாதம் திரும்ப வராது. வசம்பைச் சுட்டு நாக்கில் தேய்ப்பதும் இதே கதைதான், சவ்வை அது ஒன்றும் செய்யாது. தேனில் குழைத்து என்றால் இன்னும் மோசம், ஒரு வயதுக்குள் தேனே கூடாது.

வளர்ந்த பிள்ளைகளில் அறுவை தேவைப்படுகிறவர்கள் இல்லாமல் இல்லை. மேல் உதட்டை நாக்கால் நக்க முடியாது, குச்சி ஐஸை நக்க முடியாமல் கடித்துத்தான் சாப்பிட வேண்டும், கன்னத்தில் ஒதுங்கிய சோற்றை விரலால்தான் எடுக்க வேண்டும், பயிற்சியாளர் மாதக்கணக்கில் முயன்றும் ல, ர மட்டும் நுனி எட்டாமலே நிற்கிறது, வகுப்பில் கேலி செய்கிறார்கள் என்றால் செய்யலாம், நானே அனுப்பியிருக்கிறேன். ஆனால் அது மயக்க மருந்து கொடுத்து, சவ்வைப் பிரித்து, கரைகிற தையல் போட்டுச் செய்கிற நிஜ அறுவை, அரை நிமிட வேலை இல்லை. அதற்கு முன்னும் பின்னும் பேச்சுப் பயிற்சி இல்லாவிட்டால் நாக்கு அவிழ்ந்திருக்கும், பழக்கம் பழையபடியே இருக்கும்.

உங்கள் இடத்தில் என் தங்கை இருந்தால் இப்படித்தான் சொல்வேன். உதட்டையும் கன்னத்தையும் லேசரையும் இன்றே மறந்துவிடு. பால் கொடுப்பதை உட்கார்ந்து முழுசாகப் பார்க்கிற ஒருவரை, பாலூட்டும் ஆலோசகரோ குழந்தை மருத்துவரோ பழகிய நர்ஸோ, இந்த வாரத்தில் தேடிப் பிடி. வெடிப்பு ஆறும்வரை வலி அதிகமான பக்கத்தில் பீச்சி எடுத்துப் பாலாடையில் கொடு, புட்டி வேண்டாம், பால் கட்டிக்கொள்ளவும் விட்டுவிடாதே. அண்ணத்தை விரலால் தடவிப் பார்த்தார்களா என்று கேள். பிடிப்பைச் சரிசெய்து ஒரு வாரம் கழித்தும் காம்பு நசுங்கித்தான் வருகிறது, வலி குறையவில்லை என்றால் நாக்கை மட்டும் கத்தரியால் வெட்டிக்கொள், அதில் தயங்க ஒன்றும் இல்லை, போட்டோவில் இருக்கிற நாக்கைப் பார்த்தால் நீ அந்தக் கூட்டத்தில் வரலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தள்ளிப்போடவும் வேண்டாம், மூன்று நாலு மாதம் தாண்டினால் குழந்தை திமிறும், மயக்க மருந்துப் பேச்சு வந்துவிடும்.

மூத்தவனுக்கு முதலில் காது. பிறந்தபோது பரிசோதனையில் சரியாக இருந்தது என்று விட்டுவிட வேண்டாம், அடிக்கடி சளி பிடிக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோர்த்தால் பாதிதான் கேட்கும், காதில் பாதியாக விழுகிற சொல் வாயிலும் பாதியாகத்தான் வரும். தனியாரில் செலவு என்றால் 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் வந்த மையங்கள் அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இருக்கின்றன, டி.இ.ஐ.சி. (குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளை ஆரம்பத்திலேயே கவனிக்கிற மாவட்ட மையம்) எங்கே என்று கேட்டால் காட்டுவார்கள், காது பரிசோதனையும் பேச்சுப் பயிற்சியும் அங்கே இலவசம். காலையிலேயே போய்விடுங்கள், கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டுப் போவதாக இருந்தால் பாலைப் பீச்சி வைத்துவிட்டு, பாலாடையை ஒரு முறை அவர் கையில் கொடுத்துப் பழக்கிவிட்டுக் கிளம்புங்கள். காது அறிக்கை வந்ததும் இங்கேயே எழுதுங்கள், பார்க்கிறேன்.